பழைய குடும்பப் படத்தில் கரிக்கோச்சி: வன்னி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரையும் செட்டிகுளத்திலிருந்து தலைமன்னார் வரையும் தண்டவாளத்தை ஒட்டி வாழ்ந்த குடும்பங்களிடம் கோச்சியோடு எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். எத்தனையோ இடப்பெயர்வுகளைத் தாண்டி சொப்பிங் பையில் சுற்றிக் காப்பாற்றிய படங்கள் அவை. அதில் நிற்கும் எஞ்சின் எது என்று தெரிந்தால் படத்தின் காலம் பிடிபடும். காலம் பிடிபட்டால், ஓரத்தில் நிற்கும் பெயர் தெரியாத அந்தப் பெடியன் யார் என்பதும் பல தடவை பிடிபடும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் எங்கிருந்து தொடங்குவது? எஞ்சினிலிருந்தா?

இல்லை. வீட்டில் இருக்கும் வயதுபோன ஆளிடமிருந்து தொடங்குங்கள். எஞ்சினின் விபரத்தை அடுத்த வருஷமும் தேடலாம். அம்மம்மாவின் நினைவு அப்படிக் காத்துக்கொண்டிருக்காது. படத்தைக் கையில் கொடுத்து, "இது எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள், வருஷம் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. "அப்ப உங்கட மூத்தவர் பிறந்திட்டாரோ?", "மடுவுக்குப் போன முறையோ, கொழும்புக்கு ஆஸ்பத்திரிக்குப் போன முறையோ?", "யார் படம் எடுத்தது?" என்று கேளுங்கள். சொல்லும்போது கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவும் செய்துகொள்ளுங்கள். எஞ்சின் வேலையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

படத்தில் இருப்பது கரிக்கோச்சிதானா, டீசலா?

நீராவி எஞ்சினில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பீப்பாவைப் படுக்க வைத்தது போல நீண்ட உருளைக் கொதிகலன், அதன் முன்பக்கம் மேலே புகைபோக்கி, பெரிய சில்லுகளை ஒன்றோடொன்று இணைக்கும் இரும்புத் தண்டுகள். இந்த மூன்றும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

புகை வருகிறது என்பதற்காக மட்டும் கரிக்கோச்சி என்று முடிவெடுக்கக் கூடாது. பழைய டீசல்களும் நன்றாகப் புகை கக்கும். தண்டு மட்டும் இருந்தாலும் போதாது. பெட்டிகளைத் தள்ளி மாற்றும் சின்ன சண்டிங் டீசல்கள் சிலவற்றிலும் சில்லுகளைத் தண்டுதான் இணைக்கும். கனடாவிலிருந்து வந்த எம்2 டீசலின் நீண்ட முன்பக்கத்தை மங்கிய படத்தில் கொதிகலன் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உருளையா, பெட்டி வடிவமா என்று உற்றுப் பார்த்தால் தெளிந்துவிடும்.

இலக்கத்தை எங்கே தேடுவது?

எஞ்சினின் முன்பக்கத்தில் இரண்டு வட்ட மோதுதட்டுகள் பொருத்தப்பட்ட குறுக்குத் தகட்டில் முதலில் பாருங்கள். பிறகு ட்ரைவர் நிற்கும் அறையின் பக்கச் சுவரில். இலங்கையின் நீராவி எஞ்சின்களின் இலக்கங்கள் ஏறக்குறைய 350 வரைதான் போயின. டீசல்களுக்கு 500இலிருந்து இலக்கம் போட்டார்கள். ஆகவே 251, 213, 347 என்று ஏதாவது தெரிந்தால் அது நீராவி. 545, 571 என்று தெரிந்தால் டீசல். முதல் இலக்கம் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

எஞ்சினிலோ பெட்டியிலோ 'சி.ஜி.ஆர்.' என்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். இலங்கை அரசாங்கப் புகையிரதப் பகுதியின் பழைய சுருக்கம் அது. 1972இல் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் சிலோன் என்பதிலிருந்து ஸ்ரீலங்கா என்று மாறியது. பெயர் மாறிய மறுநாளே எல்லாப் பெட்டிகளுக்கும் புதிதாகப் பெயின்ற் அடித்திருக்க மாட்டார்கள். அதனால் அந்த எழுத்தை ஏறத்தாழ ஒரு வழிகாட்டியாக மட்டும் எடுங்கள்.

இலக்கம் தெரியவில்லை. ஆட்கள் மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். என்ன செய்வது?

சில்லுகளை எண்ணுங்கள். குடும்பப் படங்களில் இதுதான் கைகொடுக்கும் வழி, ஏனென்றால் ஆட்கள் வழக்கமாக எஞ்சினின் முகத்துக்கு முன்னால் நின்று இலக்கத்தை மறைத்துவிடுவார்கள், பக்கவாட்டுச் சில்லுகளை மறைப்பது குறைவு.

எஞ்சின்களை வகைப்படுத்தும் முறை எளிது. முன்னால் உள்ள சிறிய சில்லுகள், நடுவில் தண்டால் இணைக்கப்பட்ட பெரிய சில்லுகள், பின்னால் உள்ள சிறிய சில்லுகள் என்று மூன்று கூட்டமாகப் பிரித்து, இரண்டு பக்கமும் சேர்த்து எண்ண வேண்டும். படத்தில் ஒரு பக்கம்தானே தெரியும்? தெரிவதை இரண்டால் பெருக்குங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு சிறியது, மூன்று பெரியது, பின்னால் ஒன்றுமில்லை என்றால் அது 4-6-0. ஒரு சிறியது, நான்கு பெரியது, பின்னால் ஒரு சிறியது என்றால் 2-8-2.

இந்த இடத்தில் கவனம் வேண்டும். கரியும் தண்ணீரும் கொண்டுவரும் வண்டி, அதாவது டெண்டர், எஞ்சினுக்குப் பின்னால் தனியாகக் கொழுவியிருக்கும். அதன் சில்லுகளை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. ட்ரைவர் அறையின் பின்பக்கத்தோடு எண்ணுவதை நிறுத்துங்கள். டெண்டர் இல்லாமல், கொதிகலனின் இரு பக்கமும் தண்ணீர்த் தாங்கி அணைத்தபடி இருந்தால் அது டாங்க் எஞ்சின். தண்ணீரும் கரியும் குறைவாகவே கொள்ளும் என்பதால் அந்த வகை குறுந்தூர ஓட்டத்துக்குத்தான் வசதி.

பெரிய சில்லின் உயரத்தையும் பக்கத்தில் நிற்கும் ஆளோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். நெஞ்சளவு வந்தால் வேகமாக ஓடும் பயணிகள் எஞ்சினாக இருக்க வாய்ப்பு. சிறிய சில்லுகள் நிறைய இருந்தால் பாரம் இழுக்க அல்லது ஏற்றம் ஏறச் செய்தது.

வடக்குப் பாதையில் எந்த எஞ்சின் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்?

பயணிகள் கோச்சியின் முன்னால் டெண்டரோடு ஒரு 4-6-0 நின்றால் முதலில் பி1 வகையை நினையுங்கள். 1920களின் பிற்பகுதியிலிருந்து பிரித்தானியாவிலிருந்து வந்த இந்த வகை, இலங்கையின் அகலப் பாதைகளில், அதாவது தண்டவாள இடைவெளி கூடிய பாதைகளில், பயணிகள் கோச்சிகளை நெடுங்காலம் இழுத்தது. இவற்றில் பலவற்றுக்கு இலங்கையை ஆண்ட பிரித்தானிய ஆளுநர்களின் பெயர்களை வைத்தார்கள். 251ஆம் இலக்க எஞ்சினின் பெயர் சேர் தோமஸ் மெயிற்லண்ட். ஆகவே எஞ்சினின் பக்கவாட்டில் ஆங்கிலப் பெயர்ப்பலகையின் ஒரு துண்டு தெரிந்தாலும் விடாதீர்கள். இரண்டு மூன்று எழுத்தை ஆளுநர்களின் பெயர்ப் பட்டியலோடு வைத்துப் பார்த்தாலே எஞ்சின் அகப்பட்டுவிடும். படம் 1927க்கு முந்தியதல்ல என்பதும் அதோடு உறுதியாகிவிடும்.

பி2 என்பது 4-6-0 சில்லுகளே கொண்ட டாங்க் எஞ்சின். 213 அந்த வகையில் ஒன்று. அப்படியொன்று உங்கள் படத்தில் இருந்தால், கொழும்புப் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ போயிருந்த உறவினர் அங்கே எடுத்த படமா என்று ஒருக்கால் விசாரியுங்கள்.

எங்கள் படத்தில் எஞ்சினுக்கு முன்னும் பின்னும் இரண்டு சில்லுக் கூட்டங்கள், நடுவில் கொதிகலன். இது இரண்டு எஞ்சினா?

ஒரே எஞ்சின்தான். கரற் என்ற வகை. ஒரு கொதிகலனை நடுவில் தொங்கவிட்டு, அதன் இரு பக்கமும் தனித்தனிச் சில்லுத் தொகுதி வைத்திருப்பார்கள். வளைவிலும் ஏற்றத்திலும் பெரும் பாரத்தை இழுக்க அது வசதி. இலங்கையின் அகலப் பாதைக்கு முதலாவது 1927இல் வந்தது, இலக்கம் 241. பிறகு 1945இல் 343 முதல் 350 வரை எட்டு வந்தன. எல்லாம் மலைநாட்டுப் பாதைக்காக வாங்கியவை.

அப்படியென்றால் வன்னி வீட்டில் அந்தப் படம் எப்படி? இதற்குப் பதில் அனேகமாகக் குடும்ப வரலாற்றிலேயே இருக்கும். 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த படங்களில் நாவலப்பிட்டியும் நானுஓயாவும் ஹட்டனும் இருக்கும். கரற் எஞ்சின் ஒன்றைக் கண்டால் "இது எங்கட படமில்லை, யாரோ தந்தது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். தாத்தா எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார் என்று கேளுங்கள்.

தண்டவாளம் மிகவும் ஒடுங்கலாக இருக்கிறது. அது என்ன?

இலங்கையின் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மில்லிமீற்றர், அதாவது ஐந்தரை அடி. ஒரு வளர்ந்த ஆளின் உயரத்துக்குக் கிட்ட வரும். படத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளைக் குறுக்கே படுக்க வைத்ததாக நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய முழுதாக அடங்கினால் அகலப் பாதை. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரைதான் அடங்கும் என்றால் இந்தியாவின் மீற்றர் பாதை, 1,000 மில்லிமீற்றர். பாதி ஆள்கூட அடங்காவிட்டால் 762 மில்லிமீற்றர் ஒடுங்கிய பாதை. எஞ்சினுக்கு நேர் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ எடுத்த படத்தில்தான் இந்தக் கணக்கு சரிவரும். பக்கவாட்டுப் படத்தில் முயன்று குழம்ப வேண்டாம்.

ஒடுங்கிய பாதை என்றால் கொழும்பிலிருந்து அவிசாவளைப் பக்கம் போன களனிவெளிப் பாதை ஒன்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக றாகலை வரை போன பாதை மற்றது. இரண்டாவது 1940களிலேயே மூடப்பட்டுவிட்டது. களனிவெளியில் எஞ்சினும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த சென்ரினல் என்ற நீராவி ஊர்தியும் ஓடியது. பார்த்தால் பஸ் போலிருக்கும், நீராவி என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள்.

படம் இந்தியாவில் எடுத்ததாக இருக்குமா?

இருக்கலாம், அதுவும் மன்னார்ப் பக்கக் குடும்பங்களில் நிறையவே இருக்கலாம். 1914இல் தலைமன்னார்ப் பாதையும் பாம்பன் பாலமும் தயாரானதும், கொழும்பிலிருந்து கோச்சி, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், அங்கிருந்து சென்னைக்கு மறுபடி ரயில் என்று ஒரே பயணமாகப் போகக்கூடியதாக இருந்தது. கோடம்பாக்கத்தில் படம் பார்க்கவும், கோயில்களுக்கும், கலியாணச் சேலை எடுக்கவும் போனவர்கள் வழியில் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். 1964 டிசம்பர்ப் புயலோடு தனுஷ்கோடி அழிந்தது. எனவே தனுஷ்கோடி ஸ்டேசனில் ரயிலோடு நிற்கும் படம் எதுவானாலும் அதற்கு முந்தியது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடி, 1984இல் அதுவும் நின்றது.

இராமேஸ்வரம் பாதை அந்தக் காலம் முழுக்க மீற்றர் பாதை. அங்கே 4-6-2 சில்லுகளோடு நிற்பது வைபி வகையாகவும், 2-8-2 என்றால் வைஜி வகையாகவும் இருக்கக்கூடும், படம் 1950களிலோ அதற்குப் பிறகோ எடுத்ததாக இருந்தால். மூக்கு கூம்பி, அதில் நட்சத்திரம் வரைந்த எஞ்சின் என்றால் இந்திய அகலப் பாதையின் டபிள்யூபி. அப்படியொரு முகம் இலங்கையில் இருந்ததில்லை. எஞ்சினில் 'எஸ்.ஐ.ஆர்.' என்று எழுதியிருந்தால் அது தென்னிந்திய ரயில்வேயின் காலம். 1951இல் அது தெற்கு ரயில்வேயோடு சேர்ந்துவிட்டது.

எண்பதுகளில் அகதியாகப் போய் மண்டபம் முகாமில் இருந்தவர்களின் படங்கள் தனி ரகம். இலங்கையில் நீராவி ஓட்டம் முடிந்து வெகுகாலமான பிறகும் இந்தியாவில் 1990கள் வரை அது இருந்தது. பிள்ளை 1985இல் பிறந்தவர், மடியில் இருக்கிறார், பின்னால் கரிக்கோச்சி என்றால், அந்தப் படம் பெரும்பாலும் பாக்குநீரிணையின் அக்கரையில் எடுத்ததாகத்தான் இருக்கும்.

கலர்ப் படத்தில் கரிக்கோச்சி நிற்கிறது. இது சரியா?

நல்ல கேள்வி. கலர்ப் படம் எங்கள் பக்கம் பரவலானபோது இலங்கைப் பாதைகளில் கரிக்கோச்சி கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டது. அதனால் மூன்று வழிகளில் யோசியுங்கள். இந்தியாவில் எடுத்ததாக இருக்கலாம். 1986க்குப் பிறகு உல்லாசப் பயணிகளுக்காகப் பழைய பி1, பி2 எஞ்சின்களை வைத்து ஓடிய வைஸ்ரோய் ஸ்பெஷலாக இருக்கலாம். அல்லது கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஸ்டூடியோவில் கையால் நிறம் பூசியிருக்கலாம். கையால் பூசியதில் சேலைக்கரையும் உதடும் மட்டும் துலக்கமாக இருக்கும், எஞ்சினும் வானமும் மங்கிய பழுப்பாகவே கிடக்கும்.

யாழ்தேவியைக் கரிக்கோச்சி இழுத்ததென்று அப்பப்பா சொல்வார். உண்மையா?

யாழ்தேவி 1956 ஏப்ரலில் டீசல் எஞ்சினோடுதான் தொடங்கியது. புகையிரதப் பகுதியின் முதல் இலங்கையரான பிரதம இயந்திரப் பொறியியலாளர் பி. டி. ரம்பாலா, டீசலுக்கு மாறும் வேலையை முன்னின்று நடத்திய காலம் அது. அதற்குக் கொஞ்சம் முந்தி, 1953இலிருந்து எம்1 டீசல்கள் பிரித்தானியாவிலிருந்தும், 1954இலிருந்து எம்2 டீசல்கள் கொழும்புத் திட்ட உதவியாகக் கனடாவிலிருந்தும் வந்திருந்தன.

அதற்காக அப்பப்பா பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகும் அதே தண்டவாளத்தில் வேறு கோச்சிகளைக் கரி எஞ்சின் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அவர் கண்டது உண்மை, பெயர்தான் மாறியிருக்கிறது. பிற்காலத்தில் வடக்குக்கு ஓடிய எல்லாக் கோச்சியையுமே யாழ்தேவி என்று சொல்வது எங்கள் வழக்கம்.

காலத்தைக் கணிக்க எஞ்சினைத் தவிர வேறென்ன உதவும்?

பாதையே உதவும். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான பகுதி 1902இல் திறந்தது. கொழும்பிலிருந்து நேரடியாக யாழ்ப்பாணம் போகக்கூடியதாக இருந்தது 1905இலிருந்து. மடுறோட், முருங்கன் ஸ்டேசன்கள் 1914ஆம் ஆண்டுப் பாதையோடு சேர்ந்தவை. இன்னொரு பக்கம், 1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே கோச்சி நின்றுபோனது. மறுபடி ஓமந்தைக்கு வந்தது 2011இல், கிளிநொச்சிக்கு 2013இல், யாழ்ப்பாணத்துக்கு 2014இல். இந்த இடைவெளிக்குள் கிளிநொச்சியில் கோச்சியோடு படம் எடுத்திருக்க முடியாது. தண்டவாளமே இருக்கவில்லை, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போய்விட்டன.

ஸ்டேசனுக்கு வெளியே கார் நின்றால் அதன் இலக்கத்தகட்டைப் பாருங்கள். சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருந்தால் படம் 1950களின் பிற்பகுதியோ அதற்குப் பிறகோதான். அந்த எழுத்துக்குத் தார் பூசிய போராட்டத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆங்கில எழுத்து மட்டும் என்றால் கார் அதற்கு முந்திப் பதிந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் ஓஸ்ரின் காரை ஒரு ஆயுள்காலம் வைத்து ஓடுபவர்கள் என்பதால் பழைய தகடு எந்தப் படத்திலும் வரலாம்.

படத்தின் விளிம்பு பல்லுப்பல்லாக வெட்டியிருந்தால் பொதுவாக 1930களுக்கும் 1960களுக்கும் இடைப்பட்டது. பின்பக்கம் வெலொக்ஸ், அக்ஃபா என்று கடதாசிக் கம்பனியின் பெயர் மங்கலாக அச்சிட்டிருக்கும். ஸ்டூடியோ முத்திரை இருந்தால் இன்னும் நல்லது, ஊர் தெரிந்துவிடும்.

எந்த ஸ்டேசன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்றைய ஸ்டேசனோடு ஒப்பிட்டுத் தேடாதீர்கள். வவுனியாவுக்கு வடக்கே இப்போது நிற்பவை யுத்தத்துக்குப் பிறகு பாதையோடு சேர்த்துத் திரும்பக் கட்டியவை. மரங்களும் இல்லை. பின்னணி நிலத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெறும் பரவையும் வானமும் என்றால் ஆனையிறவை நினைக்கலாம். அடர்ந்த காட்டின் விளிம்பு என்றால் புளியங்குளம், மாங்குளம், மடுறோட். முல்லைத்தீவுக்குக் கோச்சிப் பாதையே கிடையாது. அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் மாங்குளத்துக்கோ பரந்தனுக்கோ வந்துதான் ஏறினார்கள். ஆகவே முள்ளியவளைக் குடும்பம் ஒன்றின் படத்தில் "எங்கட ஸ்டேசன்" என்று சொன்னால் அந்த இரண்டிலிருந்து தொடங்குங்கள்.

பாயும் தலையணையும் சட்டிபானையும் அடுக்கி வைத்து, கூட்டம் கூட்டமாக ஆட்கள் நின்றால் மடுத் திருவிழாவாக இருக்கலாம். ஜூலை 2, ஆகஸ்ட் 15 என்ற இரண்டு நாட்களில் ஒன்றைச் சுற்றிய படம் என்று மாதமும் கிடைத்துவிடும்.

ஒரு படத்தை வைத்து முழுதாகச் சொல்லிக் காட்ட முடியுமா?

பரந்தன் பக்கம் ஒரு வீட்டில் பார்த்த படம். உள்ளங்கை அளவு, பல்லு விளிம்பு, ஒரு மூலையைக் கறையான் தின்றிருக்கிறது. மேடையில் ஐந்து பேர். நடுவில் நிற்கும் பெண் குடையை விரித்துப் பிடித்திருக்கிறார், குடை எஞ்சினின் முகத்தை முழுதாக மறைக்கிறது. வீட்டில் சொன்ன கதை, "இது அப்பா யாழ்தேவியில் கொழும்புக்குப் போனபோது எடுத்தது, 1960 இருக்கும்."

குடைக்கு இடது பக்கம் இரண்டு சிறிய சில்லு. அடுத்து மூன்று பெரிய சில்லு, தண்டு தெளிவாகத் தெரிகிறது. கடைசிப் பெரிய சில்லுக்கு மேலேயே ட்ரைவர் அறை, அதன் பின்னால் டெண்டர். ஆக 4-6-0, பயணிகள் எஞ்சின், பி1 என்று சந்தேகப்படலாம், யாழ்தேவி அல்ல. மேடையின் ஓரத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர், கையில் பெரிய வளையம். அதில் தொங்கும் பைக்குள் ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேசன் வரை போக ட்ரைவருக்குக் கொடுக்கும் டப்லெற் என்ற அனுமதித் தகடு இருக்கும். அதனால் கோச்சி புறப்படும் தறுவாய் அல்லது வந்து நின்ற கணம். ஐந்து பேரில் கைக்குழந்தை யார் என்று வீட்டின் மூத்த மாமியிடம் கேட்டோம். "அது நான்தான்" என்றார். அவர் பிறந்தது 1951. படத்தில் இன்னும் நடக்காத குழந்தை. அப்படியென்றால் 1951 அல்லது 1952, யாழ்தேவி பிறப்பதற்கு நாலைந்து வருஷம் முந்தி. குடும்பம் நினைத்ததைவிடப் படம் பழையது. அந்த வருஷத்தை வைத்துக்கொண்டு பார்த்தபோது, தம்பி என்று நினைத்திருந்த பெடியன் தம்பியாக இருக்க முடியாது என்பதும் தெரிந்தது. அவர் 1950களின் நடுவில் காய்ச்சலில் இறந்துபோன மூத்த அண்ணர். அவருடைய வேறு படம் அந்த வீட்டில் இல்லை.

எஞ்சினை அடையாளம் காண்பதற்கு இவ்வளவு மினக்கெடுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்தப் படத்தைத்தான்.

படம் இடம் வலம் மாறி அச்சாகியிருந்தால்?

நெகற்றிவ்வைத் திருப்பிப் போட்டு அச்சடித்தால் அப்படி நடக்கும். இலக்கமும் பெயர்ப்பலகையும் கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். எழுத்தே தெரியாவிட்டால் சேலைத் தலைப்பைப் பாருங்கள். எல்லாப் பெண்களுக்கும் வலது தோளில் விழுந்தால் படம் மாறியிருக்கிறது. ஆண்களின் சேர்ட் பொத்தான் பக்கமும் சொல்லும்.

அப்பப்பா றெயில்வேயில் வேலை செய்தவர். எஞ்சின் பக்கத்தில் நின்றால் ட்ரைவர்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. பயர்மன், ஷெட்டில் எஞ்சின் துடைத்தவர், போட்டர், தண்டவாளம் பராமரித்தவர் எல்லாருமே எஞ்சினோடு படம் எடுக்க ஆசைப்பட்டார்கள். கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பச்சை, சிவப்புக் கொடி என்றால் கார்டாக இருக்கலாம். சவள் என்றால் பயர்மன். சம்பளத் துண்டு, ஓய்வூதியக் கடிதம், இலவசப் பயண அனுமதிச் சீட்டு ஏதாவது வீட்டில் மிஞ்சியிருந்தால் படத்தைவிட அவை பலமான சாட்சி.

படத்தைத் துலக்கும் கைத்தொலைபேசிச் செயலிகளைப் பாவிக்கலாமா?

அடையாளம் காணும் வேலைக்குப் பாவிக்கவே வேண்டாம். மங்கிய இடத்தைச் செயற்கை நுண்ணறிவு தானாக நிரப்புகிறது. 3 என்பது 8 ஆகிவிடும், இல்லாத இலக்கம் பிறந்துவிடும். முகங்களுக்கும் இதே கதி. அம்மம்மாவின் முகத்துக்குப் பதிலாக அவரைப் போன்ற இன்னொருவரின் முகம் வரும். வெளிச்சத்தையும் கறுப்பு வெள்ளை வேறுபாட்டையும் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடியோடு வெளிச்சத்தில் பார்ப்பது இன்றைக்கும் நல்ல வழி.

படத்தை எப்படிப் பிரதி எடுப்பது?

ஒட்டும் தாள் உள்ள அல்பத்தில் படம் பிடித்துப்போயிருந்தால் பிய்க்க வேண்டாம். தாளோடு சேர்த்தே படமெடுங்கள். நேர் வெயிலில் வைக்காமல், வாசலடி நிழலில் தட்டையாக வைத்து, பிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுங்கள். ஸ்கான் செய்ய வசதி இருந்தால் அங்குலத்துக்கு 600 புள்ளி (600 dpi) அடர்த்தியில் செய்யுங்கள். பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள். ஈரம்பட்டு ஒட்டிய படங்களைச் சூடுகாட்டிப் பிரிக்கக் கூடாது. பிரதியை வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்காவது அனுப்பி வையுங்கள். ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை வன்னி ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் பாதுகாக்கும் நூலக நிறுவனத்தையும் நினைவில் வையுங்கள்.

இணையத்தில் போட்டு எஞ்சின் தெரிந்தவர்களைக் கேட்கலாமா?

கேட்கலாம், எஞ்சின் பகுதியை மட்டும் வெட்டிப் போடுங்கள். அடையாளம் காண முகங்கள் தேவையில்லை. படத்தில் நிற்கும் ஒருவர் பின்னாளில் காணாமல் ஆக்கப்பட்டவராகவோ, பிள்ளையை இழந்த தாயாகவோ இருக்கலாம். அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் முகத்தைப் பொதுவில் போடுவது சரியல்ல.

எங்கள் படத்தில் உள்ள எஞ்சின் இன்னும் எங்காவது நிற்குமா?

பெரும்பாலானவை இரும்பாக உடைக்கப்பட்டுவிட்டன. 251, 213 போன்ற சில தப்பியிருக்கின்றன. கடுகண்ணாவையில் 2014இல் திறந்த தேசிய புகையிரத நூதனசாலையில் பழைய எஞ்சின்களைக் கிட்ட நின்று பார்க்கலாம். வயதானவர்களை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். பெரிய சில்லுக்குப் பக்கத்தில் நின்றதும் படத்தைக் காட்டிக் கேட்டபோது வராத கதையெல்லாம் வரும்.

எல்லாம் பார்த்தும் முடிவாகவில்லை. என்ன எழுதி வைப்பது?

உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்து எழுதுங்கள். படத்தின் பின்பக்கத்தில் போல்பொயின்ற் பேனையால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். மெல்லிய பென்சில் போதும். இல்லாவிட்டால் தனித்தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். இப்படி எழுதலாம்: "நீராவி எஞ்சின், 4-6-0, டெண்டர் உண்டு, இலக்கம் தெரியவில்லை. பி1 ஆக இருக்கலாம். இடம் மாங்குளம் என்று பெரியம்மா சொன்னார். இடமிருந்து வலம்: பெரியம்மா, அவரின் மாமியார், மூன்றாமவர் யாரென்று தெரியாது, சித்தப்பா." கீழே நீங்கள் யார், யாரிடம் கேட்டு, எந்தத் திகதியில் எழுதினீர்கள் என்பதையும் போடுங்கள்.